ப்ளூடூத்தில்தான் பேசினேன், கண்ணும் ரோட்டில்தான் இருந்தது. பிறகு ஏன் அந்த அம்மாவைப் பார்க்கவில்லை?

குட்டியானை பேரணாம்பட்டு கேட்டது:

பேரணாம்பட்டிலிருந்து ராணிப்பேட்டைக்கு டாடா ஏஸ் ஓட்டுகிறேன். சொந்த வண்டி, இன்னும் பதினான்கு டியூ பாக்கி. ஏற்றுவது ஷூ அப்பர். எங்கள் ஊரில் தைத்து முடித்த மேல்பாகத்தை மூட்டை கட்டிக் கொடுப்பார்கள், சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கொண்டுபோய் இறக்க வேண்டும். காலையில் ஒரு நடை, சரக்கு இருந்தால் மதியம் இன்னொரு நடை. பள்ளிகொண்டா போய் பைபாஸ் ஏறினால் டோல் செலவு என்று குடியாத்தம், கே.வி.குப்பம், லத்தேரி, காட்பாடி, திருவலம் வழியாகவே போய்ப் பழகிவிட்டது. அந்த ரோட்டில் எந்த ஊரில் எத்தனை ஸ்பீடு பிரேக்கர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதுவும் ஒரு காரணமோ என்னவோ.

போன செவ்வாய்க்கிழமை கே.வி.குப்பம் தாண்டி லத்தேரிக்கு முன்னால், காலை பத்தரை இருக்கும், ஐம்பதில் போய்க்கொண்டிருந்தேன். காதில் ப்ளூடூத். டிஸ்பாட்ச் சூப்பர்வைசர் கூப்பிட்டார். எத்தனை மூட்டை ஏற்றினாய் என்றார். முப்பத்தெட்டு என்றேன். சலானில் நாற்பது என்று இருக்கிறதே என்றார். அவ்வளவுதான், மனசு வண்டியை விட்டு இறங்கிவிட்டது. நானே எண்ணினேனா, பையன் எண்ணினானா, இரண்டு மூட்டை யூனிட் வாசலிலேயே நிற்கிறதா, மேலே போட்ட ஒன்பது மூட்டையையும் சேர்த்தேனா என்று பேரணாம்பட்டில் நின்று மறுபடி எண்ணிக்கொண்டிருந்தேன். டப்பென்று ஒரு சத்தம்.

இடது பக்கக் கண்ணாடி உள்பக்கமாக மடங்கியிருந்தது. பிரேக் அடித்து இறங்கிப் பார்த்தால் பின்னால் ஓர் அம்மா மண்ணில் உட்கார்ந்திருக்கிறார், சுற்றிலும் புல். தலையில் புல்லுக்கட்டோடு ஓரமாக நடந்து வந்திருக்கிறார். கண்ணாடி கட்டில் பட்டு, கட்டு சுழன்று, அவரும் சுழன்று உட்கார்ந்துவிட்டார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அடிபட்டதா என்று கேட்கிறேன், அவர் பதில் சொல்லவில்லை. முதலில் சொன்னதே, "கட்டுல அருவா சொருகி வெச்சிருந்தேன், எங்க கீதுன்னு பாரு" என்பதுதான். அரை மணி நேரம் தேடினோம். அரிவாள் கிடைக்கவில்லை. முழங்கையில் சிராய்ப்பு. ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றால் மாடு காத்திருக்கும் என்று எழுந்து போய்விட்டார். ஐந்நூறு ரூபாய் நீட்டினேன், வாங்கவில்லை.

இப்போது என் கேள்வி. கை ஸ்டியரிங்கில்தான் இருந்தது. போனைத் தொடவே இல்லை, ப்ளூடூத் தானாகவே எடுத்துவிடும். கண்ணும் நேராக ரோட்டைத்தான் பார்த்தது. வளைவு கிடையாது, மழை கிடையாது, வெயில் பளீரென்று அடிக்கிறது. தலையில் அவ்வளவு பெரிய பச்சைக் கட்டு. நான் ஏன் பார்க்கவில்லை? கண்ணில் ஏதாவது கோளாறா? டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

இரண்டாவது, போன் எடுக்காவிட்டால் சூப்பர்வைசர் கத்துகிறார், அடுத்த நடை வேறு வண்டிக்குப் போய்விடும். எடுத்தால் இப்படி. மற்றவர்கள் என்ன செய்கிறீர்கள்?

போன் ஹிஸ்டரியில் பார்த்தேன். அந்தக் கால் 1 நிமிஷம் 12 செகண்ட். கண்ணாடி இடுக்கில் இரண்டு புல் சிக்கிக்கொண்டிருக்கிறது. நாலு நாளாகிறது, காய்ந்துவிட்டது, இன்னும் எடுக்கவில்லை.

வெயிலூர்க்காரன்:

வண்டிக்குத் திருஷ்டி பட்டிருக்கிறது பாஸ். ரத்தினகிரி முருகனுக்கு ஒரு மாலை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து எடுங்கள். அப்புறம் ஒன்று, எல்லாத் தப்பையும் நீங்களே தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்தப் பக்கம் புல்லுக்கட்டோடு நடுரோட்டில்தான் வருவார்கள். ஹாரன் அடித்தாலும் கேட்காது.

குட்டியானை பேரணாம்பட்டு:

நடுரோட்டில் வரவில்லை. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே மண்ணில் நடந்தார். என் இடது டயர் கோட்டைத் தாண்டி மண்ணில் இறங்கிய தடம் இருந்தது, நானே பார்த்தேன். எவ்வளவு தூரம் அப்படிப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. எலுமிச்சம்பழம் ஆயுதபூஜைக்கே வைத்தாயிற்று.

பாகாயம் பஸ்:

தம்பி, நான் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவன். 31 வருஷ சர்வீஸ், அதில் பாதிக்கு மேல் வேலூர் திருவண்ணாமலை. கண்ணமங்கலம், போளூர் வழி. பௌர்ணமிக்குக் கிரிவல ஸ்பெஷல் எடுத்தால் இரண்டு நாள் தூக்கம் கிடையாது. உன் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டருக்குக் கொடுக்கிற காசை டியூவுக்குக் கட்டு.

எங்கள் பஸ்ஸில் என்ஜின் பெட்டி பக்கத்தில் ஒருத்தர் உட்காருவார். எல்லா டிரிப்பிலும் ஒருத்தர் இருப்பார். மாப்பிள்ளை கதை, நிலத் தகராறு, மாடு விற்றது எல்லாம் பேசிக்கொண்டே வருவார். நானும் "ம்" கொட்டுவேன். எதிரில் ஒரு லாரி ஓவர்டேக் எடுத்து ஏறி வந்தால் அவர் பேச்சு தானாகவே நின்றுவிடும். யாரும் சொல்ல வேண்டாம். அவருக்கும் உயிர் இருக்கிறது, அவருக்கும் லாரி தெரிகிறது. லாரி போனபிறகு பெருமூச்சு விட்டு, "எங்க விட்டேன்?" என்று ஆரம்பிப்பார். போனில் இருக்கிறவனுக்கு லாரி தெரியுமா? அவன் ஃபேன் காற்றில் உட்கார்ந்து முப்பத்தெட்டா நாற்பதா என்று கேட்டுக்கொண்டே இருப்பான். நீயும் பதில் சொல்லிக்கொண்டே இருப்பாய். வித்தியாசம் அதில்தான் இருக்கிறது. கையில் பிடித்தால் என்ன, காதில் மாட்டினால் என்ன.

நான் டூட்டி ஏறியதும் போனைக் கண்டக்டர் பைக்குள் போட்டுவிடுவேன். வீட்டிலிருந்து வந்தால் அவர் எடுத்து, "போளூர் போனதும் பேசுவார்" என்று சொல்லிவிடுவார். ஒரு தடவை என் மாமியார் இறந்த செய்தியே அப்படித்தான் போளூர் ஸ்டாண்டில் வந்து சேர்ந்தது. நாற்பது நிமிஷம் லேட்டாகத் தெரிந்ததால் எதுவும் மாறிவிடவில்லை.

உனக்குக் கண்டக்டர் இல்லை. அதனால் நீயே ஸ்டாப் வைத்துக்கொள். குடியாத்தம் ஒன்று, காட்பாடி ஒன்று, திருவலம் இரும்புப் பாலத்துக்கு முன்னால் ஒன்று. மூன்று இடத்திலும் நிறுத்தி, டீ குடிக்கிறாயோ இல்லையோ, போன் பார். நடுவில் டேஷ்போர்டு பெட்டிக்குள் கிடக்கட்டும். மடியில் வைக்காதே, மடியில் வைத்தால் கை போகும்.

பழகின ரோடு பற்றிச் சொன்னாய் பார், அது உண்மை. புது ரோட்டில் நான் இடித்ததே இல்லை. கண்ணமங்கலத்தில் ஒரு பெட்டிக்கடைக் கூரையைப் பெயர்த்தது, தினமும் திரும்புகிற அதே திருப்பத்தில்தான். அன்றைக்குப் போன் கூட இல்லை, சில்லறைச் சண்டை.

காட்பாடி கணக்கு வாத்தியார்:

பஸ் சார் அனுபவத்தில் சொன்னதை ஆராய்ச்சிக்காரர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். வகுப்பில் சொல்கிற பழக்கத்தில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் கணக்கு. 50 கிலோமீட்டர் வேகம் என்றால் செகண்டுக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். 1 நிமிஷம் 12 செகண்ட் என்றால் 72 செகண்ட். பெருக்கிப் பாருங்கள், சரியாக ஒரு கிலோமீட்டர். கே.வி.குப்பத்துக்கும் லத்தேரிக்கும் நடுவில் ஒரு முழுக் கிலோமீட்டரை, மனசு வேறு எங்கோ இருக்க, உங்கள் வண்டி ஓடிக் கடந்திருக்கிறது. அதில் எத்தனை வீட்டு வாசல், எத்தனை ஆட்டுக்குட்டி என்று நீங்கள்தான் அறிவீர்கள்.

கண் பார்த்தும் ஏன் தெரியவில்லை என்பதற்கு ஒரு பரிசோதனை இருக்கிறது. 1999இல் ஹார்வர்டில் சைமன்ஸ், சாப்ரிஸ் என்ற இருவர் செய்தது. கூடைப்பந்து எறிந்து விளையாடுகிறவர்களின் வீடியோவைப் போட்டு, வெள்ளைச் சட்டைக்காரர்கள் எத்தனை தடவை பந்தைக் கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேஷம் போட்ட ஒருவர் நிதானமாக நடந்து வந்து, மார்பில் தட்டிக்கொண்டு போகிறார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்தக் கொரில்லா தெரியவே இல்லை. மறுபடி போட்டுக் காட்டினால், இது வேறு வீடியோ என்று அடித்துச் சொன்னவர்கள் கூட உண்டு. அவர்கள் பந்து எண்ணினார்கள், நீங்கள் மூட்டை எண்ணினீர்கள்.

போன் விஷயத்துக்கு வந்தால், 1997இல் கனடாவின் டொரொண்டோவில் விபத்தில் மாட்டிய டிரைவர்களின் போன் பில்லை எடுத்து நேரம் பார்த்தார்கள். போன் பேசும்போது விபத்து வாய்ப்பு நாலு மடங்கு என்று வந்தது. கையில் பிடிக்காமல் பேசுகிற போனால் அந்த ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. 2015இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில், பேச்சால் கட்டளை கொடுத்து இயக்குகிற கருவிகளை வைத்துச் சோதித்தார்கள். பேசி முடித்த பிறகும் சில கருவிகளில் 27 செகண்ட் வரை கவனம் முழுதாகத் திரும்பவில்லையாம். உங்கள் வேகத்தில் 27 செகண்ட் என்றால் 375 மீட்டர். அதாவது போனைக் கட் பண்ணிவிட்டேன், இனிப் பரவாயில்லை என்பதும் உடனே உண்மையாகிவிடாது.

சட்டமும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவியோடு ஓட்டுவது அபாயகரமாக ஓட்டுவதில் சேர்ந்துவிட்டது. முதல் தடவை ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆகவும் வாய்ப்பு உண்டு. வழி பார்ப்பதற்கு மட்டும், ஓட்டுகிற கவனம் கெடாமல், போனை வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. கவனியுங்கள், அந்தத் திருத்தம் கையைத்தான் பார்க்கிறது. உங்கள் கை சுத்தமாக இருந்தது. ஆனால் அந்த அம்மாவின் உயிருக்கு ஏதாவது ஆகியிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்கிற குற்றவியல் சட்டத்தின் 281 (அபாயகரமாக ஓட்டியது), 106 (கவனக்குறைவால் மரணம்) எல்லாம் உங்கள் பெயரில்தான் வந்திருக்கும். சூப்பர்வைசர் பெயர் எப்.ஐ.ஆரில் எந்த மூலையிலும் இருக்காது.

தையல் அக்கா சத்துவாச்சாரி:

எல்லாரும் போன் எடுத்தவரைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் போன் பண்ணினவள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆடிக் கிருத்திகை. என் வீட்டுக்காரர் காட்பாடியில் வேலை முடித்து வண்டியில் வந்துகொண்டிருந்தார். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு பேசுகிற ரகம். வாழை இலை வாங்கிவிட்டீர்களா என்று கேட்கத்தான் கூப்பிட்டேன். வாங்கிவிட்டேன் என்றார். சரி என்று வைத்திருக்கலாம். எத்தனை வாங்கினீர்கள், நுனி இலையா, கிழியாமல் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனேன். "பாத்துதான் வாங்..." என்று சொல்லும்போது சத்தம் கேட்டது.

பாலாற்றுப் பாலத்தின் மேல் முன்னால் போன ஆட்டோ நின்றதை அவர் பார்க்கவில்லை. போன் கட்டாகவில்லை. அதுதான் எனக்கு இன்னும் தீரவில்லை. வண்டி கீழே கிடந்து ஓடுகிற சத்தம், யாரோ "சாவியைத் திருப்பு, சாவியைத் திருப்பு" என்கிறார்கள், யாரோ தண்ணீர் கேட்கிறார்கள். நான் இங்கே மெஷின் முன்னால் உட்கார்ந்து ஹலோ ஹலோ என்கிறேன். ஒரு பையன் போனைக் கண்டுபிடித்து எடுத்து, "அக்கா, மூச்சு இருக்கு, பயப்படாதீங்க" என்றான். மூச்சு இருக்கு என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள்.

108இல் கொண்டுபோனார்கள். காறை எலும்பு முறிவு, மூன்று பல். விபத்து நடந்த பிறகு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு பார்த்துக்கொள்கிற திட்டத்தில் சேர்த்ததால் அன்றைக்குக் கையில் காசு இல்லாமலே சிகிச்சை ஆரம்பித்தார்கள். அது தெரியாமல் நான் கம்மலைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

இப்போது நான் கூப்பிட்டால் முதல் வார்த்தை "வண்டியிலயா?" ஆமாம் என்றால் பதில் பேசாமல் வைத்துவிடுவேன். அவருக்குக் கோபம் வரும், என்ன விஷயம் என்றாவது சொல்லேன் என்பார். சொல்ல மாட்டேன். சொன்னால் அதையே யோசித்துக்கொண்டு வருவார்.

தம்பி, உன் சூப்பர்வைசரும் இதைப் படிக்க வேண்டும்.

டிஸ்பாட்ச் டேபிள்:

அந்தச் சூப்பர்வைசர் நான் இல்லை, ஆனால் அதே வேலைதான் பார்க்கிறேன், வேறு கம்பெனி. நாங்கள் ஏதோ பொழுது போகாமல் கூப்பிடுகிறோம் என்று நினைக்காதீர்கள். சென்னை துறைமுகத்தில் கன்டெய்னர் உள்ளே போக ஒரு நேரம் இருக்கிறது, தாண்டினால் அந்தக் கப்பல் போய்விடும். இரண்டு மூட்டை குறைந்தால் அசெம்பிளி லைன் நிற்கும், லைனில் நாற்பது பெண்கள் சும்மா உட்காருவார்கள், மேலே இருக்கிறவர் என் கழுத்தைப் பிடிப்பார். அவர் என்னை அழுத்துகிறார், நான் டிரைவரை அழுத்துகிறேன். ஃபேன் காற்று என்று பஸ் சார் சொன்னார், எங்கள் குடோனுக்கு ஒரு நாள் வாருங்கள். மே மாதம் வாருங்கள்.

இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முப்பத்தெட்டா நாற்பதா என்பதை ஓடுகிற வண்டியைக் கேட்டு என்ன பிரயோஜனம்? மூட்டையை ஏற்றின யூனிட்டைத்தான் கேட்டிருக்க வேண்டும். டிரைவர் நம்பர் கைக்கு முதலில் வருகிறது, அதனால் கேட்கிறோம். "எங்கே வருகிறாய்" என்பதற்கும் இப்போது வழி இருக்கிறது. கிளம்பும்போது வாட்ஸப்பில் லைவ் லொகேஷன் போட்டுவிட்டால் நானே பார்த்துக்கொள்வேன். எங்கள் டிரைவர்களில் இரண்டு பேர் போடுகிறார்கள். மற்றவர்கள் போட மாட்டார்கள், ஏனென்றால் டீக்கடையில் நிற்பது தெரிந்துவிடும்.

பாகாயம் பஸ்:

டீக்கடையில் நிற்பவனைக் கேள்வி கேட்காமல் இருந்தால் போடுவான்.

டிஸ்பாட்ச் டேபிள்:

நியாயம்தான் சார்.

குட்டியானை பேரணாம்பட்டு:

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் ஆகிவிட்டது, வேலை நெருக்கடியில் எழுத முடியவில்லை.

மறுநாளே சூப்பர்வைசரிடம் பேசினேன். கணக்கு வாத்தியார் சொன்ன ஒரு கிலோமீட்டர் கணக்கைச் சொன்னேன், கொரில்லா கதையையும் சொன்னேன். கொரில்லாவுக்குச் சிரித்தார். ஒரு கிலோமீட்டருக்குச் சிரிக்கவில்லை. ஆனால் முதல் நாள் சொன்ன சொல் நிற்கவில்லை. குடியாத்தத்தில் நிறுத்திப் பார்த்தால் ஏழு மிஸ்டு கால். திருப்பிக் கூப்பிட்டேன், ஒரு பிடி பிடித்தார். இரண்டாவது நாள் நாலு. லைவ் லொகேஷன் போட ஆரம்பித்த பிறகு ஒன்று, சில நாள் அதுவும் இல்லை. நேற்று அவரே கூப்பிட்டு, "வண்டி நிக்குதா?" என்றார். நிற்கிறது, காட்பாடி சித்தூர் பஸ் ஸ்டாண்டு என்றேன். தெரியும், மேப்பில் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன் என்றார்.

ப்ளூடூத்தைப் பையனிடம் கொடுத்துவிட்டேன், பாட்டுக் கேட்கிறான். மூன்று ஸ்டாப்பால் ஒரு நடைக்குப் பதினைந்து நிமிஷம் கூடுகிறது, டீ செலவும் கூடுகிறது. இதில் வேடிக்கை, குறைந்த இரண்டு மூட்டை பேரணாம்பட்டில் இல்லவே இல்லை. சலான் எழுதின பையன் தப்பாக எழுதியிருக்கிறான். முப்பத்தெட்டுதான் சரி.

சனிக்கிழமை குடியாத்தம் பஜாரில் புல் அறுக்கிற அரிவாள் ஒன்று வாங்கினேன். மரப்பிடி, நூற்றெண்பது ரூபாய். லத்தேரிக்கு முன்னால் அதே இடத்தில் நிறுத்தி, கழனியில் இருந்தவர்களிடம் விசாரித்து அந்த அம்மாவின் வீட்டைக் கண்டுபிடித்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். முழங்கையில் மஞ்சள் பத்து போட்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை, வண்டியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அரிவாளை நீட்டினேன்.

"பழசு அன்னைக்கே சாயந்திரம் முள்ளுச்செடியில கெடச்சிடுச்சே, இது இன்னாத்துக்கு" என்றார். அப்புறம் விரலால் கூர் பார்த்துவிட்டு, வாங்கிக் கூரையில் சொருகிக்கொண்டார்.